கேட்டது கேட்டபடி

டிரங்குப் பெட்டி கேட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அதன் மேல் சுருட்டிய பாய். பாய்க்குள் செருகிய டிராயிங் டி-ஸ்கொயர், இனி அது யாருக்கும் வேண்டியதில்லை.

முனிலட்சுமி ரோட்டைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய அப்பா கங்கப்பன், மகளின் டி.சி.யைக் குழல்போல் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். கிருஷ்ணகிரி பஸ் இன்னும் வரவில்லை. கிரானைட் கல் ஏற்றிய லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன.

வாட்ச்மேன் பரமசிவத்துக்கு ஸ்டூலில் இருப்புக்கொள்ளவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு மனிதன் இப்படித் தவித்திருக்க மாட்டான். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

உண்மை எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. ஓசூரில் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டதால், எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பாலிடெக்னிக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார். வளாகத்துக்குள் மாடு நுழைந்தாலும் மணி போட்டு ரிஜிஸ்டரில் எழுதுவார். ‘மாடு ஒன்று. வெள்ளை. விரட்டப்பட்டது.’ ஆபீசில் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்பார்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் எழுதினார். ‘12.9.92. மாலை 5.40. ஒர்க்‌ஷாப் பக்கம் ரவுண்டு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒத்து, ஒத்து என்று ஒரு பெண்பிள்ளை சத்தம்.’

மெஷின் எதையோ நகர்த்துகிறார்கள், விலகி ஒத்திப் போகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை முனிலட்சுமி புகார் எழுதிக் கொடுத்தாள். ஷட்டரை இறக்கி அவளை உள்ளே பிடித்து வைத்தவர் ஒர்க்‌ஷாப் மாஸ்டர். தாளாளரின் மச்சினர். நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை, அந்தப் பெண்ணாக இஷ்டப்பட்டுத்தான் நின்றது என்றார் அவர். அவள் பக்கம் சாட்சி என்று இருந்தது கேட் ரிஜிஸ்டர் ஒன்றுதான்.

விசாரணைக்கு முதல் நாள் அவள் கேட்டுக்கு வந்தாள்.

“அன்னிக்கு என்ன கத்துனேன்னு எனக்கே நெனப்பில்லீங்ணா. நீங்க கேட்டத மட்டும் சொல்லுங்க, போதும்.”

“கேட்டது கேட்டபடி இருக்கு தாயி” என்று ரிஜிஸ்டரைத் தட்டிக் காட்டினார். அவள் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது.

விசாரணையில் அவளையும் அப்பாவையும் வராந்தாவிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். கங்கப்பனுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம். தமிழ் அவ்வளவாக வராது. முதல்வரின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னென்னவோ சொல்லி அழுதார். முதல்வரும் தெலுங்கிலேயே, வீட்டு ஆளிடம் பேசுவதுபோல் சரளமாக, வெகுநேரம் ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நல்ல மனுஷன், பிள்ளைக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று பரமசிவம் நம்பினார்.

முதல்வர் ரிஜிஸ்டரை வாங்கிப் படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“வேண்டாம்னு ஒரு வார்த்தை உங்க காதுல விழுந்துச்சா, பரமசிவம்?”

விழவில்லை. விழாத வார்த்தையை விழுந்ததாக எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணுக்காகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. ஆனால் அவர் இதுவரை ரிஜிஸ்டரில் இல்லாததைச் சொன்னதில்லை.

“இல்லீங்கய்யா. எழுதியிருக்கதுதான் விழுந்துச்சு.”

ஒத்து என்றால் ஒத்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம் என்று தாளாளர் சிரித்தார். முதல்வர் சிரிக்கவில்லை. ‘வேண்டாம் என்ற சொல் கேட்கவில்லை’ என்று டைப் அடிக்கச் சொன்னார். பரமசிவம் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். புகார் பொய் என்று மூடினார்கள். பெண்ணுக்கு டி.சி.

பஸ் வந்து நின்றது.

பரமசிவம் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். இதையாவது தூக்கிக் கொடுத்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று இருந்தது.

யார் சொன்ன சாட்சியில் மகளின் படிப்பு போனது என்று கங்கப்பனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர் பரமசிவத்தின் கையைப் பெட்டியிலிருந்து விலக்கினார்.

“ஒத்து” என்றார். தலையை ஆட்டிக்கொண்டு, பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபடியும், “ஒத்து, ஒத்து.”

பரமசிவத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

“அப்பா என்ன சொல்றாரு தாயி?”

முனிலட்சுமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்.

“வேண்டாம்ங்கிறாரு.”

பஸ் கிளம்பிப் போனது. நிறுத்தச் சொல்லிக் கத்த நினைப்பதற்குள் அது லாரிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

விசாரணை அறையில், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், முதல்வர் ரிஜிஸ்டரில் ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது பரமசிவத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.