தைனமோவில் ஓடும் கிற்றார்

குருநகரில் கரண்ட் இல்லாத இன்னொரு பின்னேரம். கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஸ்ரெல்லா கையால் சுற்றுகிறாள். சில்லுக் கம்பிகளில் வெயில் சிதறுகிறது, தைனமோவின் தயவில் கசற் ஓடுகிறது. அதில், போட்டில் கடலுக்குப் போய்த் தகவலே இல்லாத அவள் கணவன் யூஜின், கொழும்பு மேடையில் முதன்முதலாக வாசித்த ஜாஸ் கிற்றார். கை ஓய்ந்தால் இசை முனகுகிறது, விரைந்தால் கீச்சிடுகிறது.

“அவன் உப்பிடித்தான் இழுத்து வாசிச்சவனோ, இல்லை நீ சுத்துறது பிழையோ?” என்கிறார் மாமனார் செபநாயகம்.

“தெரியேல்லை, மாமா.”

கைதட்டலுக்குப் பிறகு யூஜின் பேசுகிறான். சிறுபிள்ளைக் குரல். அவள் மெதுவாகச் சுற்றுகிறாள். கிழவன் குரல். கொஞ்சம் கூட்டுகிறாள்.

“ஓம், ஓம், இதுதான் என்ரை பிள்ளை. உப்பிடியே சுத்து!”

ஸ்ரெல்லா அப்படியே சுற்றுகிறாள். அந்த வேகத்தில் பேசுவது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.