கழற்றாத கோட்டு

வின்னி மூன்றாவது கூடை நிலக்கரியையும் கணப்பில் கொட்டினாள். வெளியே சவுத்ஸீ கடற்கரையில் ஜனங்கள் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றார்கள். ஜூலை மாதம்.

"புழுக்கமா இருந்தா கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்களேன், கேப்டன். நமக்குள்ள என்ன கூச்சம்?"

அந்த 'நமக்குள்ள' அண்ணன் ஹோரஸின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது.

கேப்டன் ஃபிட்ச் கழற்றவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் இடது மார்பில் தொங்கிய பதக்கத்தைத் தடவிக் கொடுத்தார். "இது மார்புல இல்லாம எனக்கு டீ இறங்காது அம்மணி. பம்பாய்ல இருந்து நம்ம கப்பல் பாரசீக வளைகுடாவுக்குப் போச்சா... துப்பாக்கி கடத்தின ஒன்பது படகை நான் ஒருத்தனே மடக்கினேன்!"

போன வாரம் நாலு படகு. இப்படியே விட்டால் அந்த வளைகுடாவில் மீன் பிடிக்கக்கூட ஒரு படகு மிஞ்சாது என்று ஹோரஸ் பல்லைக் கடித்தார்.

ஹோரஸ் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். நிஜமான கடற்படை அதிகாரி எவனும் வீட்டு டீக்குப் பதக்கம் குத்திக்கொண்டு வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். சரி, ஆசைக்குக் குத்திக்கொள்கிறார் என்று அதைக்கூட விட்டுவிட்டார்.

ஆனால் ஒருநாள், "ஓரத்தைத் துலக்குறதுதான் கஷ்டம், இல்லையா கேப்டன்?" என்று தூண்டில் போட்டுப் பார்த்தார். "ஓரத்துல துலக்க என்ன இருக்கு?" என்று கேட்டார் அந்த மகானுபாவர். அந்தப் பதக்கத்தின் ஓரத்தில் அதை வாங்கியவரின் பேரும் பதவியும் பொறித்திருக்கும். துறைமுகத்துப் பூனைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

வின்னியின் கணவர் ஆம்ப்ரோஸ் கெல்வி இப்படியா இருந்தார்? பம்பாயில் இருபது வருடம் கடற்படை அதிகாரியாக இருந்தவர், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பீற்றிக்கொண்டதில்லை. ஊர் திரும்பிய அன்றே துறைமுகத்தில் பெட்டியோடு சகலமும் களவு போனபோதும், புகைக்குழாய் போச்சே என்றுதான் புலம்பினார். அந்தத் தங்கமான மனிதர் போய் இரண்டு வருடம்தான் ஆகிறது.

அதற்குள் தங்கைக்கு இப்படியொரு மயக்கம். ஈஸ்டர் நடன விருந்தில், மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், ஃபிட்சின் மார்பில் முகத்தைப் பதித்துக்கொண்டு அவள் ஆடியதை ஊரே பார்த்தது. மறுவாரமே டீக்குக் கூப்பிட்டாள். பிறகு வாராவாரம் கேக், கணப்பு, 'கோட்டைக் கழட்டுங்களேன்'. ஹோரஸ் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

ஃபிட்ச் மோதிரம் வாங்கிவிட்டாராம். காலையில் கடைத்தெருவில் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் தங்கையின் மனம் உடையும். சொல்லாவிட்டால் அவள் வாழ்க்கையே ஒரு புளுகனிடம் போய்ச் சேரும்.

"அச்சச்சோ, கைப் பொத்தான் தொங்குதே!" வின்னி எழுந்தாள். "குடுங்க, ரெண்டே நிமிஷம், தைச்சுத் தரேன்."

ஃபிட்சின் கழுத்துப்பட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கணப்பைப் பார்த்தார். வின்னியின் சிரிப்பைப் பார்த்தார். "உங்க கையால தைக்கிறதுன்னா வேணாம்னா சொல்லுவேன்?" என்று குழைந்தபடி கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

கோட்டோடு சமையலறைக்குள் ஓடியவளின் பின்னாலேயே ஹோரஸும் போனார். கதவைச் சாத்தினார்.

"வின்னி, ஊசியை அப்புறம் எடு. அண்ணன் சொல்றதைக் கேளு."

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே."

"மனசைத் திடப்படுத்திக்கோம்மா. அந்தாளு கேப்டனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பதக்கத்தோட ஓரத்தைத் திருப்பிப் பாரு. அவன் பேரு அதுல இருக்காது." சொல்லி முடிப்பதற்குள் ஹோரஸின் குரல் உடைந்துவிட்டது. "உனக்கு ஒரு துணை கெடைச்சுதேன்னு சந்தோஷப்படத்தான் நெனச்சேன். முடியலையே!"

வின்னி அழவில்லை. கோட்டை மேசையில் விரித்துப் பதக்கத்தின் ஊசியை விடுவித்தாள்.

"இருக்காதுன்னு தெரியும்ண்ணே. அன்னிக்கு ஆடுறப்பவே படிச்சுட்டேன்."

"தெரிஞ்சுமா அவனுக்கு மூணு மாசம் கேக் சுட்டுப் போட்டே?"

"அங்கேயே கேட்டிருந்தா ஆளு ஓடியிருப்பான். கோட்டும் கூடவே போயிருக்கும்."

ஹோரஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பதக்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓரத்தை எழுத்தெழுத்தாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தைச்சாச்சா, அம்மணி?" முன்னறையிலிருந்து ஃபிட்சின் குரல் தேனாக வந்தது. "உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்."

வின்னி பதக்கத்தை அண்ணனின் கையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோட்டை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்து அனுப்பிடுங்கண்ணே. பதக்கம் எங்கேன்னு கேட்டா, அதை வாங்கினவரோட பொண்டாட்டி எடுத்துக்கிட்டான்னு சொல்லுங்க."