பாங்கொக்கில் கூடப் போனவர்கள்

"அண்ணை, அரண்மனைக்கு விடியவே போயிடுங்கோ. எட்டரைக்குத் திறப்பாங்கள். அரைக் காற்சட்டையோடை போனா உள்ளுக்கு விடமாட்டாங்கள்," என்றான் திலக்சன்.

கனடாவில், மோர்னிங்சைட்டில் திலக்சன் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் கிளிபோட், அடுத்த கிழமை மனைவி எமில்டாவோடு பாங்கொக் போகிறார். திலக்சன் சொல்வதையெல்லாம் வரி விடாமல் போனில் குறித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு அங்காலை படுத்திருக்கிற புத்தர். நாப்பத்தாறு மீற்றர் நீளம். பிறகு வள்ளத்திலை ஆத்தைக் கடந்தா வாட் அருண் கோயில். படி செங்குத்து, அக்காவைக் கையிலை பிடியுங்கோ. பின்னேரம் பூச்சந்தை."

தேத்தண்ணியோடு வந்த திலக்சனின் மனைவி சுபாங்கி வாசலிலேயே நின்றுவிட்டாள். கலியாணமாகி ஆறு வருடம். கனடாவுக்கு வருமுன் இரண்டு வருடம் பாங்கொக்கில் நின்றதாக மட்டும் சொல்லியிருக்கிறான். மேலே கேட்டால் கதையை மாற்றிவிடுவான். ஒரு படம்கூடக் கிடையாது. இப்போது பார்த்தால் சந்து பொந்தெல்லாம் தலைகீழ்ப் பாடம்!

"சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லம்?" என்று கேட்டார் கிளிபோட்.

திலக்சன் தடுமாறினான். "அது... எனக்கு அவ்வளவாத் தெரியாது அண்ணை."

"ரெண்டு வரியம் பட்டினியோ கிடந்தனீ? சரி, இவ்வளவு இடமும் தனியவோ சுத்தினனீ?" கிளிபோட் கண்ணைச் சிமிட்டினார்.

"தனியப் போகேலுமே? எப்பவும் கூட ஆள் இருந்தது."

சுபாங்கி தேத்தண்ணியை மேசையில் டங்கென்று வைத்தாள். கூட ஆளாம்! பூச்சந்தையில் ஆம்பிளைக்கு என்ன வேலை? மனம் ஒரு குரங்கு. அதற்குத் தாவக் கிளையா இல்லை?

கிளிபோட் போனதும் கதவைச் சாத்திவிட்டு நேரே கேட்டாள்.

"அவள் ஆர்?"

"எவள்?"

"உங்களோடை பூச்சந்தைக்கு வந்தவள். உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இப்பவே பிறம்ரனிலை இருக்கிற அக்கா வீட்டை போயிடுவன்."

திலக்சன் முதலில் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அவளோ? பதினாலு பேர், சுபா! எல்லாம் தாடி வைச்ச தடிமாடுகள். எங்கடை ஊர்ப் பெடியள். ரெக்ஸ்டேலிலை இருக்கிற சச்சிதானந்தனும் அதிலை ஒராள். வேணுமெண்டா போன் எடுத்துக் கேளும்."

சுபாங்கியின் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பொத்தென்று சோபாவில் இருந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இந்த அப்பாவி மனிதனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"உதைச் சொல்ல ஆறு வரியமோ? பெடியளோடை ஊர் சுத்தினதிலை என்ன குற்றம்?"

திலக்சன் அவளருகில் வந்து இருந்தான்.

"அம்மாவுக்குத் தெரியக்கூடாதெண்டுதான் உமக்கும் சொல்லேல்லை. போனிலை கதைக்கேக்கை எல்லாம், 'இந்தக் கிழமை எங்கை மோனை போனனீ?' எண்டு கேப்பா. பதினாலு பேற்றை அம்மாமாரும் பிறகு கோயிலடியிலை சந்திச்சு அதையே கதைப்பினம். ஒராள் சொன்னது மற்றாள் சொன்னதோடை பிசகக் கூடாது. அதாலை, எல்லாரும் சேந்து பாடமாக்கிப்போட்டுத்தான் போன் எடுப்பம்."

"போன இடத்தைச் சொல்லுறதுக்கு ஏன் பாடமாக்கோணும்?"

"போனாத்தானே, சுபா! விசா இல்லையெண்டு பிடிச்சு, ரெண்டு வரியமும் தடுப்பு முகாமிலை பூட்டி வைச்சிருந்தாங்கள். பாங்கொக்கை நாங்கள் பாத்ததெல்லாம், அந்த அறைச் சுவரிலை ஒட்டியிருந்த சுற்றுலா வரைபடத்திலைதான்."