பொமரேனியன்தான் வேண்டும்

சியோலில் நாய்க்குட்டிக் கடை வைத்திருந்த பியோங்ஹோ, வெள்ளை வெளேரென்ற மால்டீஸ் குட்டி ஒன்றை மியோங்ஹியிடம் நீட்டினார்.

“இதை எடுத்துக்குங்க மேடம். வீட்டுல நாய் இருக்கிறதே தெரியாது. முடியும் கொட்டாது.”

“அதுக்கு ஒரு பொம்மையை வாங்கிட்டுப் போயிடலாமே?” என்றாள் மியோங்ஹி இளக்காரமாக. “அந்தப் பொமரேனியன் எப்படி?”

“ஐயோ, அது வேணாம். லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைக்கும். சோபா பூரா முடியாக் கொட்டும்.”

“ராத்திரியிலயும் குரைக்குமா?”

“விடிய விடிய!”

“அதையே குடுங்க. கழுத்துல ஒரு ரிப்பன் கட்டிடுங்க.”

பியோங்ஹோ விழித்தார். “யாருக்காவது பரிசா மேடம்?”

“என் புருஷனுக்கு. ஞாயித்துக்கிழமை அவருக்குக் கல்யாணம்.”

பியோங்ஹோவின் கையிலிருந்து குட்டி நழுவப் பார்த்தது.

“அந்த மனுஷனுக்குத் தூக்கம் கெடுமேன்னு இத்தனை வருஷமா இருமலைக்கூட முழுங்கினேன். கடைசியில, ‘நீ மூச்சு விடுறதே இரைச்சலா இருக்கு’ன்னு சொல்லி விவாகரத்து வாங்கிட்டார். புதுப் பொண்ணுக்கு நாய்னா உயிராம். அவகிட்ட ஐயா வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்!”

சொல்லிவிட்டு, கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்தாள் மியோங்ஹி.