நடு நாற்காலி

மேசைமேல் இருந்த போன் மறுபடி அடித்தது.

அவள் எடுத்தாள்.

"நடுவுல நிக்கிற. விலகு," என்றார் பேராசிரியர் ரெஜினா. வைத்துவிட்டார்.

பேராசிரியர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். சுவரில் பாதி கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அறை தெரியும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். அவளோடு குடும்ப ஆலோசனை முதுகலை படிக்கும் நான்கு பேரும் பேராசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விலகு.

எப்படி விலகுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்று நாற்காலிகள். நடு நாற்காலி அவளுடையது. ஒரு பக்கம் சௌந்தரபாண்டி. மறுபக்கம் அவர் மனைவி விஜயராணி. இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். மதுரையில் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். ஒரே கடை, ஒரே வீடு. ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

ராத்திரி சமைத்து முடித்ததும் விஜயராணி ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போடுவார். அப்பாவைச் சாப்பிட வரச் சொல் என்பார். மகள் அப்பாவுக்குப் போன் போடுவாள். அப்பா அடுத்த அறையில் இருப்பார்.

அந்த மகள்தான் சலித்துப்போய் இவர்களை இங்கே அனுப்பியிருந்தாள்.

இது மூன்றாவது வாரம். மகள் பார்த்த வேலையை இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்டயே சொல்லுங்க சார்."

"நீங்க சொல்லிருங்க மேடம்."

"அம்மா, நீங்க அவரைப் பார்த்துச் சொல்லுங்களேன்."

"அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும் மேடம்."

வகுப்பில் படித்ததையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. அவர்களுடைய நாற்காலிகளை எதிரெதிரே திருப்பிப் போட்டாள். இருவரும் கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தார்கள். பேசாமல் இருந்து பார்த்தாள். இருவரும் அவளைவிட நன்றாகப் பேசாமல் இருந்தார்கள்.

இதற்கு முன் அவளிடம் வந்த இரண்டு தம்பதிகளும் பாதியில் நின்றுவிட்டார்கள். இவர்களும் போய்விட்டால் பயிற்சிப் பருவம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த படிப்பு.

மண்டை காய்ந்தது.

அப்போதுதான் விஜயராணி கேட்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் சொல்லக் கூடாது. கேட்டவரிடமே மெல்லத் திருப்பிவிட வேண்டும். அது தெரிந்தால் உங்களுக்கு எப்படி உதவும் என்று நினைக்கிறீர்கள்? முதல் மாதமே பழக்கிவிட்டார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

வாயைத் திறந்தாள்.

அலுத்துப்போயிருந்தது.

"ஆச்சு. நாலு வருஷம் இருந்தேன். இப்ப இல்ல."

கண்ணாடிப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

சௌந்தரபாண்டி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார்.

"ஏம்மா?"

வம்புக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

வீட்டில்கூட யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

அவள் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது விஜயராணி திரும்பினார். அவள் பக்கம் அல்ல.

"இந்தப் பொண்ணுகிட்ட கேக்கத் தெரியுதுல்ல உங்களுக்கு?"

சௌந்தரபாண்டி விழித்தார்.

"எங்கண்ணன் வீட்ல போயி ஒரு மாசம் கெடந்தேன். திரும்பி வந்தேன். ஏன் போனேன்னு கேட்டீங்களா? ஏன் வந்தேன்னாச்சும் கேட்டீங்களா? கதவத் தொறந்து விட்டீங்க. பேசாம கடைக்குப் போயிட்டீங்க."

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

சௌந்தரபாண்டி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா, மறுபடி போயிருவியோன்னு இருந்துச்சு."

"அதுக்கு?"

"அதான் வாயத் தொறக்கல."

"ஒரு வருஷமாவா?"

விஜயராணியின் குரல் கம்மிவிட்டது.

அவர்கள் போன பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். நான்கு பேரும் எழுந்து வெளியே போனார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்க பேசினாங்க மேடம்."

"பேசினாங்க," என்றார் பேராசிரியர் ரெஜினா. "சந்தோஷம். ஆனா நீ அவங்களுக்காகச் சொல்லல. உனக்குத் தாங்கல, சொல்லிட்டே. அடுத்து வர்றவங்ககிட்டயும் இதையேதான் எடுத்து வைப்பியா?"

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். சொன்னது சரியாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தம்பதியை, அந்த நான்கு பேரில் ஒருவனான கபிலன் பார்ப்பான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவளுக்கு அடுத்த பருவம், மறுபடி முதலிலிருந்து.

"நீயே அவங்ககிட்ட சொல்லிரு. இன்னும் கெளம்பியிருக்க மாட்டாங்க."

படிகளில் இறங்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இனிமேல் உங்களை வேறொருவர் பார்ப்பார். நல்ல பையன். என்னைவிடக் கெட்டிக்காரன். கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டாள். பிறகு சேர்த்துக்கொண்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் நல்ல வெயில். ஸ்கூட்டரை இன்னும் ஸ்டாண்டிலிருந்து எடுக்கவில்லை. சௌந்தரபாண்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாரைப் போடாமல் நின்றிருந்தார். விஜயராணி விரலை நீட்டி நீட்டி எதையோ சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். விஜயராணி இன்னும் சத்தமாக, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமினாள்.

"சார், அடுத்த வாரத்துலேர்ந்து..."

விஜயராணி திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"செத்த இரும்மா. பேசிட்டிருக்கோம்ல."