இரண்டு நிமிட மௌனம்

அணி மாறிவிடக் கூடாதென்று எம்.எல்.ஏ. தில்லைநாதனை ரிசார்ட்டில் அடைத்து நான்கு வருடமாகிறது. சட்டசபையே இப்போது அறைத் திரையில், வீடியோ வழியாகத்தான் கூடுகிறது. கூடியதும் கூச்சல், பிறகு ஒத்திவைப்பு.

அவருடைய தொகுதிக்காரியான செங்கமலம்தான் அங்கே அறை சுத்தம் செய்கிறாள். கணவனுக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து தினமும் கேட்பாள்.

"இலவச டயாலிசிஸ் மசோதா இன்னிக்காவது நிறைவேறுமாங்கய்யா?"

"சபாநாயகரு ரெண்டு அணிக்கும் தலையாட்டி ஒத்திவைச்சுடுறாரேம்மா!"

இன்று அவள் கேட்கவில்லை.

"வீட்டுக்காரரு எப்படியிருக்காரு?"

"முந்தாநேத்து போயிட்டாருங்கய்யா."

அவர் பதறிப் பேனாவை எடுத்தார். "பேரைச் சொல்லும்மா. இரங்கல் தீர்மானத்துல சேர்க்கச் சொல்றேன். அதுக்கு மட்டும்தான் ரெண்டு அணியும் ஒண்ணா எந்திரிக்குது."

"மாசிலாமணி."

அவர் எழுதி அனுப்பிய சற்று நேரத்தில் திரையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். துவைக்க எடுத்த அழுக்குப் போர்வையோடு அவளும் நின்றாள். பிறகு, மரபுப்படி அன்றைய அலுவல்கள் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன. பட்டியலில் முதலாவதாக இருந்தது டயாலிசிஸ் மசோதா.