போட்டு வாறன்

2003ஆம் ஆண்டு கோடை முழுவதும் ஒரு கிரேக்கக் கிராமத்தில் அகழாய்வு செய்துவிட்டு, மெலனி, புலம்பெயர்ந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தாய் திரேசம்மா இருந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கடைசி நாளில் ஒரு குழந்தையின் எலும்புகளை மறுபடி மண்ணிட்டு மூடியபோது, போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று ஊரில் விடைபெறும் வாய்ப்பழக்கத்தில் "போட்டு வாறன்" என்றிருக்கிறாள். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி அதன் பொருளைக் கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

"செத்ததுகளிட்ட அப்பிடிச் சொல்லக் கூடாதாம் அம்மா. பாத்துக்கொண்டு இருக்குங்களாம்" என்று மெலனி சிரித்தாள்.

திரேசம்மா சிரிக்கவில்லை. போரில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த அன்று, இளவாலைத் தேவாலயக் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில், சிறுவயதில் இறந்த மூத்தவன் றெஜியின் சின்னக் குழியருகே அவளும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு போகவே முடியவில்லை.

மகள் அகழாய்வில் காலில் போட்டிருந்த சப்பாத்துகளைப் பல்கனியில் வைத்துக் கழுவினாள். மறுநாள் காலை அவற்றில் திரும்பவும் ஈரமண் அப்பியிருந்தது. மறுபடி கழுவினாள். அடுத்த நாளும் அப்படியே இருந்தது.

"அங்கத்தைய மண் என்ன நிறம், பிள்ளை?"

"வெள்ளை அம்மா. சுண்ணாம்பு மாதிரி."

திரேசம்மா சப்பாத்துகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊர்ச் செம்பாட்டு மண் விரல்களில் சிவப்பாய் ஒட்டியது.

"நான்தானே ராசா வாறன் எண்டு சொன்னனான்" என்றாள் மெதுவாக. "நீ ஏன் இவ்வளவு தூரம் நடந்து வந்தனீ?"